பிள்ளை வளர்ப்பில் விதி எதுவரை வரலாம்? செட்டிநாட்டுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெற்றோர் கூட்டம் என்றால் மதிப்பெண்ணைப் பற்றித்தான் பேச்சு நடக்கும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் பாதி நேரம் வேறொரு வழக்குதான் ஓடும். வண்டிச் சாவி, தடுப்பூசி, கைப்பேசி, பிரம்படி, மஞ்சுவிரட்டு என்று எதை எடுத்தாலும் "இதில் தலையிட அரசுக்கு என்ன உரிமை?" என்று ஒருவர் கேட்பார், அடுத்த மாதம் அவரே "இதை அரசு ஏன் தடுக்கவில்லை?" என்றும் கேட்பார். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன். சட்டம் எது, என் கருத்து எது என்பதைக் கூடியவரை பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

என் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பது என் உரிமை அல்லவா? நடுவில் விதி எதற்கு?

உரிமைதான். பிள்ளைக்கு என்ன சோறு ஊட்டுவது, எந்தச் சாமியைக் கும்பிடச் சொல்லித் தருவது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது, இரவு எத்தனை மணிக்குப் படுக்கச் சொல்வது என்பதையெல்லாம் பெற்றவர்களைவிட நன்றாக அறிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் இந்த உரிமை எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நிலம், நகை போன்ற சொந்தச் சொத்தின்மேல் நமக்குள்ள உரிமை வேறு, இது வேறு.

நம் பக்கத்தாருக்கு இதை விளக்குவது எளிது. இரங்கூனிலும் பினாங்கிலும் சைகோனிலும் லேவாதேவிக் கடைகள் இருந்த காலத்தில், முதலாளி தேவகோட்டையிலோ கானாடுகாத்தானிலோ இருப்பார். கடல் கடந்த கடையை ஏஜெண்டு நடத்துவார். யாருக்குக் கடன் கொடுப்பது, எந்த வட்டிக்குக் கொடுப்பது, எந்த அடமானத்தை ஏற்பது என்று எல்லாவற்றையும் அவரே முடிவு செய்தார், ஏனென்றால் ஊருக்குக் கடிதம் எழுதிப் பதில் வரும்வரை காத்திருந்தால் வியாபாரம் நடக்காது. அவ்வளவு சுதந்திரம் இருந்தும் பணம் அவருடையது அல்ல. மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்து ஊர் திரும்பும்போது பேரேடும், சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையும் சரியாக இருந்தாக வேண்டும். பெற்றோரின் அதிகாரமும் இந்த ஏஜெண்டின் அதிகாரத்தைப் போன்றதே என்பது என் எண்ணம். முதலாளி அந்தப் பிள்ளைதான். இன்னும் கணக்குக் கேட்கும் வயது அவனுக்கு வரவில்லை. அந்த வயது வரும்வரை அவன் சார்பில் ஊர் சில கேள்விகளைக் கேட்கிறது, அவற்றைத்தான் விதி என்கிறோம். கேள்வி கேட்கலாமே தவிர, கடைக்குள் வந்து பெட்டியடியில், அதாவது பணப்பெட்டிக்கு முன்னால், உட்கார்ந்துகொள்ள ஊருக்கு உரிமையில்லை.

அப்படியானால் நியாயமான விதி எது, அத்துமீறல் எது என்று எப்படிப் பிரித்தறிவது?

இதற்கு வாய்பாடு எதுவும் என்னிடம் இல்லை. ஒவ்வொரு விதியைப் பார்க்கும்போதும் நான் முதலில் யோசிப்பது, நாம் எடுக்கும் முடிவின் பலன் நம் நிலைவாசலுக்குள் நின்றுவிடுமா, தெருவில் இறங்கி அடுத்தவர் பிள்ளையையும் தொடுமா என்பதைத்தான். தெருவில் இறங்குமென்றால் தெருவுக்கும் அதில் பேச்சுரிமை உண்டு. வீட்டுக்குள்ளேயே நின்றுவிடும் என்றால், பிள்ளை வளர்ந்தபின் அந்த முடிவை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்ப்பேன். ஒரு வயதில் மொட்டையடித்துக் காது குத்துகிறோம். முடி வளர்ந்துவிடும், தோடு வேண்டாம் என்றால் கழற்றி வைத்துவிடலாம். படிப்பை நிறுத்துவதும், பதினைந்து வயதில் தாலி கட்டிவைப்பதும் அப்படிப்பட்டவை அல்ல. திரும்பப் பெற முடியாததைப் பிள்ளைக்காக நாம் முடிவு செய்யும்போது, நம் சுதந்திரம் குறைவாகவும் பொறுப்பு அதிகமாகவும் இருப்பதே முறை.

இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பலர் பார்ப்பதில்லை. விதியின் சுமை யார் தோளில் ஏற்றப்பட்டிருக்கிறது? பிள்ளையின்மேலா, பெற்றோர்மேலா, விற்பவர்மேலா? ஒரே நோக்கமுள்ள இரண்டு விதிகளில் ஒன்று நியாயமாகவும் மற்றது கொடுமையாகவும் மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. அதற்குள் சுகாதாரப் பணியாளர் வந்து பார்ப்பது தனியுரிமை மீறல் ஆகாதா?

செட்டிநாட்டைத் தவிர வேறெங்கும் இந்தக் கேள்வி இவ்வளவு அடிக்கடி வருமா என்று தெரியவில்லை. சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். வீடு இரண்டு தெருவுக்கு நீண்டு கிடக்கும். ஆண்டுக்கொரு முறை முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ திருமணத்துக்கோ திறப்பார்கள். வளவு என்கிற நடுமுற்றம் வானம் பார்த்தது. மழை பெய்தால் கல்தொட்டியிலும், கவிழ்த்து வைக்க மறந்த அண்டாவிலும், மூன்றாங்கட்டில் கிடக்கும் உடைந்த சாடியிலும் நல்ல தண்ணீர் தேங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், இப்படித் தேங்கிய தெளிந்த நீரே போதும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அந்தக் கொசுவுக்கு வீட்டின் எல்லைச் சுவர் ஒரு பொருட்டல்ல. காய்ச்சலில் படுப்பது அடுத்த தெருவில் இருக்கும் குழந்தை.

1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம், இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. கொசு உற்பத்தியாகும் இடத்தைச் சரிசெய்யும்படி வீட்டுக்காரருக்கு அறிவிப்புக் கொடுக்கும் அதிகாரத்தை அது சுகாதார அலுவலருக்குத் தருகிறது. அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, மழைக்குப் பின் ஒரு முறை பார்க்கச் சொன்னால் அலுவலர் வரவேண்டிய வேலையே இல்லை. குடிக்கிற ஊருணியில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று காவல் போட்டுக் காத்த ஊர்கள் இவை. அந்தக் கட்டுப்பாட்டை அன்று யாரும் சுதந்திரப் பறிப்பு என்று சொல்லவில்லை. 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மற்ற ஊர்களில் முணுமுணுப்பு எழுந்தது. இங்கே ஓட்டுச் சரிவிலிருந்து விழும் தண்ணீரை வளவில் பிடித்துப் பழகியவர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

பதினாறு வயது மகன் வண்டி நன்றாக ஓட்டுகிறான். தனிப்பயிற்சிக்குப் பேருந்து இல்லை. சாவியைக் கொடுத்தால் என்ன தவறு?

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 50 சி.சி.-க்கு மேற்படாத எஞ்சின் உள்ள இருசக்கர வண்டிக்கு மட்டும் 16 வயது போதும். அதற்கும் பழகுநர் உரிமம் பெற, பெற்றோரோ காப்பாளரோ எழுத்து மூலம் ஒப்புதல் தர வேண்டும். இன்று நம் தெருக்களில் ஓடும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.-க்கு மேற்பட்டவை. ஆகவே "கியர் இல்லாத வண்டிதானே" என்ற சமாதானம் செல்லாது.

2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199அ பிரிவுதான் பெற்றோரை அதிரவைக்கிறது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், காப்பாளரும் வண்டி உரிமையாளரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவார்கள். மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தச் சிறுவருக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. பெற்றோரின் சம்மதத்தோடுதான் வண்டி எடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் தொடக்கத்திலேயே அனுமானித்துக்கொள்ளும். தமக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது தடுக்க வேண்டிய முயற்சியெல்லாம் செய்தோம் என்று நிரூபிப்பது பெற்றோரின் பொறுப்பு. இதுபோக, உரிமம் இல்லாதவர் ஓட்டிய விபத்துகளில் காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் பல வழக்குகளில் அனுமதித்திருக்கின்றன. சட்டத்துக்கு அஞ்சாதவர்கள்கூட இதைக் கேட்டால் சற்று யோசிப்பார்கள்.

இது கடுமைதான். ஒரு தந்தையை மூன்று ஆண்டு சிறையில் வைத்தால் அந்தக் குடும்பத்தின் மற்ற பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்ற கேள்வி எனக்கும் உண்டு, அதிகபட்சத் தண்டனை மிகையானது என்றே நினைக்கிறேன். ஆனால் சுமையைப் பெற்றோர் தோளில் வைத்தது சரி. பதினாறு வயதுப் பையன் வேகத்தை விரும்புவது இயல்பு. சாவி எங்கே தொங்குகிறது என்பது பெரியவர்களின் முடிவு. நானும் இந்தத் தவறைச் செய்தவன்தான். என் மகன் பதினொன்றாம் வகுப்பில் படித்தபோது, பால் வாங்கத்தானே என்று நானே சாவியைக் கொடுத்தேன். பால் கடை இரண்டே மாதத்தில் தேவர் சிலையைத் தாண்டிப் போய், பிறகு கல்லூரிச் சாலைவரை போனது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதால் நான் செய்தது சரியாகிவிடவில்லை; ஆசிரியனாக இருந்துகொண்டு வகுப்பில் வேறு பேசினேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

பேருந்து இல்லை என்ற குறை உண்மையானது. அதற்கான வழி, ஒரே தெருவிலிருந்து செல்லும் நான்கு பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து முறைவைத்து அழைத்துச் செல்வது, அல்லது ஆட்டோ பேசிக்கொள்வது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத, 250 வாட்டுக்கு மேற்படாத மின்வண்டிகளுக்கு உரிமம் தேவையில்லை என்பதையும் சிலர் சுட்டிக்காட்டுகிறார்கள். உண்மைதான். அந்த வண்டியை எந்தப் பிள்ளையிடம், எந்தச் சாலைக்குக் கொடுப்பது என்பதைச் சட்டம் உங்களிடமே விட்டிருக்கிறது. விட்டிருப்பதாலேயே எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று ஆகாது.

குழந்தைக்கும் தலைக்கவசம் வேண்டுமா?

நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் கட்டாயம், ஓட்டுபவர் என்றாலும் உட்கார்ந்து வருபவர் என்றாலும். ஒன்பது மாதம் முதல் நான்கு வயதுவரையான குழந்தையை ஓட்டுபவரோடு பட்டையால் பிணைத்து, கவசம் அணிவித்து, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேற்படாமல் செல்ல வேண்டும் என்று மத்திய விதி 2022-இல் அறிவிக்கப்பட்டு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. அப்பா கவசத்தோடும், முன்னால் நிற்கும் பிள்ளை வெறுந்தலையோடும் போகும் காட்சியைப் பற்றி நான் சொல்ல வேறொன்றும் இல்லை.

தடுப்பூசி போடாமல் இருக்க எனக்கு உரிமை உண்டா?

ஒருவரை வற்புறுத்தி ஊசி போட முடியாது. கொரோனாத் தடுப்பூசி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று அளித்த தீர்ப்பு, தன் உடல்மேல் ஒருவருக்குள்ள உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்றது; அதே தீர்ப்பு, சமூகத்தின் உடல்நலனுக்காக அளவான, பொருத்தமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும், அப்போது விதிக்கப்பட்டிருந்த கட்டுப்பாடுகள் அந்த அளவுகோலுக்குப் பொருந்தவில்லை என்றும் சொன்னது. எல்லாரும் தீர்ப்பில் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

ஆனால் அது பெரியவர் தன் உடலைப் பற்றிச் செய்யும் முடிவு. பிள்ளையின் உடலைப் பற்றி நாம் செய்யும் முடிவில் நான் முன்பு சொன்ன ஏஜெண்டுக் கணக்கு வந்துவிடுகிறது. தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பில்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுக்க முடியும்; ஊரில் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் பாதுகாப்புப் பெற்றிருந்தால்தான் பரவல் அடங்கும். முதல் தவணை ஒன்பது மாதம் முடிந்த பிறகே போடப்படுகிறது. அதற்கு முன் தூளியில் கிடக்கும் குழந்தை, மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் போட்ட ஊசியின் நிழலில்தான் பிழைக்கிறது. உங்கள் பிள்ளைக்குப் போடாமல் விட்டால், எதிர் வீட்டில் பிறந்து நாற்பது நாள் ஆன குழந்தையின் நிழலில் ஒரு கிளையை வெட்டுகிறீர்கள்.

இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்துக்கு யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. 1995 முதல் வீடு வீடாக வந்தார்கள், பேருந்து நிலையத்தில் நின்றார்கள், சந்தேகப்பட்ட ஆச்சிமாரிடம் திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு நாட்டில் புதிதாக எவருக்கும் அந்த நோய் வரவில்லை. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று கொடுத்தது. கட்டாயத்தைவிடப் பேச்சு நன்றாக வேலை செய்யும் இடத்தில் கட்டாயம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

மஞ்சுவிரட்டுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்வது நம் பண்பாடு. அதிலும் விதியா?

சல்லிக்கட்டை அனுமதித்து 2017-இல் தமிழ்நாடு நிறைவேற்றிய சட்டத்தை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 மே 18 அன்று உறுதிசெய்துவிட்டது. விளையாட்டு நடக்கலாமா என்ற வழக்கு முடிந்தது. பிள்ளை எங்கே நிற்பது என்ற வழக்கு ஒவ்வொரு தை மாதமும் ஒவ்வொரு தந்தையிடமும் புதிதாக வருகிறது. சிராவயல் போன்ற இடங்களில் தொழுவிலிருந்து வரும் மாடுகளைத் தவிர, பொட்டலில் அங்கங்கே கட்டுமாடுகளாகவும் அவிழ்த்துவிடுவார்கள் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாடிவாசல் ஓர் இடத்தில் இருந்து, தடுப்புக்குப் பின்னால் நாம் நிற்கும் சல்லிக்கட்டு வேறு. மாடு எந்தத் திசையிலிருந்து வரும் என்று சொல்ல முடியாத திறந்தவெளி வேறு. அங்கே குத்துப்படுபவர்களில் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் இருக்கிறார்கள். தோளில் பிள்ளையோடு ஓட முடியாது. வண்டியின் மேலோ உயர்ந்த மேடையிலோ நிறுத்திக் காட்டுங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் அந்த ஆண்டு தொலைக்காட்சி போதும்.

மாரியம்மன் கோயில் பூக்குழியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதைப் பற்றியும் கேட்கிறார்கள். நேர்த்தி உங்களுடையது. கால் தவறினால் விழுவது அந்தக் குழந்தையும்தான். பெரும்பாலான ஆத்தாக்கள் குழந்தையைக் கரையில் வைத்துவிட்டுத் தாம் மட்டும் இறங்குகிறார்கள், அம்மன் கோபித்ததாக நான் கேள்விப்படவில்லை.

எங்கள் ஐயா பன்னிரண்டு வயதில் கப்பலேறிப் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்துதான் முன்னுக்கு வந்தார். இன்று பிள்ளையைக் கடையில் உட்காரவைத்தால் குழந்தைத் தொழிலாளர் என்கிறார்களே?

பெருமை நியாயமானது. அந்தப் பயிற்சியில் மனக்கணக்கும், பேரேட்டுப் பழக்கமும், பெரியவர் முன் நடந்துகொள்ளும் முறையும் வந்தன. ஆனால் முன்னுக்கு வந்த ஐயாவின் படம்தான் பட்டாலைக் கூடத்தில் தொங்குகிறது. பர்மாவில் காய்ச்சலில் போன பையன்களுக்குப் படம் மாட்டப்படவில்லை. தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எந்த ஐந்தொகையும் லாபத்தில்தான் நிற்கும்.

சட்டம் மக்கள் நினைப்பதுபோல் அவ்வளவு குருடும் அல்ல. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2016 திருத்தப்படி 14 வயதுக்குக் குறைந்தவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது. ஆனால் பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவுவதற்கு இடம் விட்டிருக்கிறது. குடும்பம் என்பதில் பெற்றோரோடு சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி வரை அடங்குவர். ஆகவே மாலையில் ஆயாவிடம் உட்கார்ந்து பனையோலைக் கொட்டான் முடையப் பழகும் பெண்ணையோ, கண்டாங்கி நெசவில் நூல் எடுத்துக் கொடுக்கும் பையனையோ யாரும் பிடித்துக்கொண்டு போகப்போவதில்லை. ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் இடத்தில் சிமென்டும் சாயப்பொடியும் கையாளப்படுவதால், அங்கே பிள்ளையை இறக்குமுன் சட்டத்தின் ஆபத்துப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

என் தயக்கம் வேறு பக்கம். "குடும்பத் தொழில்" என்ற வாசல் சற்று அகலமாகவே திறந்திருக்கிறது. சமையல் குழுவோடு முகூர்த்த நாட்களில் இரவெல்லாம் காய் நறுக்கிவிட்டு, காலையில் என் வகுப்பில் மேசைமேல் தலைவைத்துத் தூங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அழைத்துப் போனவர் தாய்மாமன்தான். சட்டத்தின் கண்ணுக்கு அது உதவி.

பிள்ளையை அடிக்கப் பெற்றோருக்கு உரிமை இல்லையா?

பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. வீட்டுக்கு அப்படி வெளிப்படையான தடை இல்லை. ஆனால் 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, பொறுப்பில் இருப்பவர் குழந்தைக்குத் தேவையற்ற உடல், மன வேதனை உண்டாக்கும்படி தாக்கினால் மூன்று ஆண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. பெற்றோர் அதில் அடங்குவர். ஒவ்வோர் அறைக்கும் காவலரை அழைக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் செய்தால் குடும்பம் நிலைக்காது. தழும்பு விழும்படி அடிப்பதைக் குடும்ப விஷயம் என்று பக்கத்து வீட்டார் கதவைச் சாத்திக்கொள்வதை மட்டும் ஏற்கமாட்டேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அதற்காகவே இருக்கிறது.

கைப்பேசியையும் சமூக ஊடகத்தையும் அரசே தடைசெய்துவிட்டால் எங்களுக்கு நிம்மதி அல்லவா?

வண்டிச் சாவியில் "தலையிடாதே" என்று சொன்ன பெற்றோர் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது நான் சிரிப்பதுண்டு. ஆஸ்திரேலியா அப்படி ஒரு சட்டத்தை 2024 நவம்பரில் நிறைவேற்றி, 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்திருக்கிறது. அதில் கவனிக்க வேண்டியது தண்டனை யாருக்கு என்பது. பிள்ளைக்கும் இல்லை, பெற்றோருக்கும் இல்லை. தடுக்கத் தவறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர்வரை அபராதம். வண்டிச் சாவி வீட்டு ஆணியில் தொங்குகிறது, அதனால் சுமை பெற்றோருக்கு. இந்தச் சாவியோ, பிள்ளையை விடாமல் பிடித்துவைக்கும்படி செயலியை வடிவமைத்தவர்களிடம் இருக்கிறது. சுமை அவர்களுக்குப் போவதே முறை.

நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணித்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. இது படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளில் தமிழ்நாடு முந்திக்கொண்டு சிறுவர்களைத் தடுத்தது. நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை யாரும் உள்நுழையக் கூடாது என்ற விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றுக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மத்தியச் சட்டமே அத்தகைய விளையாட்டுகளைத் தடைசெய்துவிட்டது.

இவ்வளவு இருந்தும் நிம்மதி வருமா? ஒப்புதல் கேட்கும் பெட்டியில் படிக்காமல் "சரி" என்று அழுத்துபவர் நாம்தான். பிள்ளையின் வயதை 21 என்று பதிந்துகொடுத்துக் கணக்குத் திறந்துதரும் அப்பச்சிமார்களை, அதாவது அப்பாக்களை, எனக்குத் தெரியும். விருந்தாளி வந்தால் சத்தம் போடாமல் இருக்கக் கைப்பேசியைக் கையில் கொடுப்பதும் நாம்தான். எந்தச் சட்டமும் இரவு பத்து மணிக்கு அந்தக் கருவியை வாங்கி அலமாரியில் வைக்காது.

பெட்டிக்கடையில் பிள்ளைக்குச் சிகரெட் கொடுக்கிறார்கள். இதில் என் பொறுப்பு என்ன?

விற்றவர்தான் குற்றவாளி. 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதையும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்பதையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. குழந்தைக்கு மதுவோ புகையிலையோ கொடுப்பவருக்கு இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டுவரை கடுங்காவல் உண்டு. புகார் கொடுங்கள். "ஐயாவுக்கு ஒரு பாக்கெட் வாங்கிவா" என்று பிள்ளையை அனுப்புவதையும் நிறுத்துங்கள்.

அந்தக் காலத்தில் இவ்வளவு விதிகள் இல்லாமலே நன்றாகத்தானே வாழ்ந்தோம்?

யார் நன்றாக வாழ்ந்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 1929-இல் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் வந்தபோது பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றுதான் வயது வைத்தார்கள். அதற்கே குடும்பத்துக்குள்ளும் மதத்துக்குள்ளும் அரசு நுழைகிறது என்று பெரிய எதிர்ப்பு எழுந்தது. இன்றுள்ள 18, 21 என்ற வரம்பு 1978-இல் வந்தது. அந்த எதிர்ப்பில் அன்று கையெழுத்திட்டவர்களின் பேரன்மார் இன்று தம் பெண்ணைப் பொறியியல் படிக்கவைத்துவிட்டு, தம் தாத்தா எதிர்த்தது எதை என்றே தெரியாமல் இருக்கிறார்கள்.

நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, சென்னைச் சட்டசபையில் இடம்பெற்றுச் சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அதுவும் பெற்றோரின் உரிமை, பரம்பரை வழக்கம் என்றே காக்கப்பட்டது. 1947-இல்தான் சட்டம் நிறைவேறியது. அந்தச் சிறுமிகளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கவில்லை. வழக்கம் என்ற சொல்லை எடுப்பதற்குமுன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன். எல்லா வழக்கமும் கெட்டது என்பதற்காக அல்ல. வழக்கத்தின் விலையைக் கொடுத்தவர் யார் என்று தெரிந்துகொள்வதற்காக.

விதியே தவறு என்று தோன்றினால்?

மீறுவதற்கு முன்பு எழுதிக் கொடுங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பள்ளி தொடர்பானவற்றுக்கு அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோரே இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். இவ்வளவு பலம் கையில் இருந்தும் கூட்டத்துக்கு வருபவர்கள் குறைவு. பள்ளி வாசலில் நின்று குறை சொல்பவர்கள் அதிகம்.

ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். கைப்பேசி கொண்டுவந்தால் பறிமுதல், ஆண்டு முடிந்துதான் திரும்பக் கிடைக்கும் என்று ஒரு விதி போட்டார்கள். பேருந்து மாறி வரும் பிள்ளைகளின் தாய்மார்கள் சிலர், மாலையில் பிள்ளை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவிப்பதாகச் சொல்லிக் குழுவில் மனுக் கொடுத்தார்கள். பேச்சு இரண்டு கூட்டங்கள் நீண்டது. கடைசியில் காலையில் அலுவலகத்தில் பெயர் எழுதி ஒப்படைத்து, மாலை மணி அடித்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று விதியைத் திருத்தினார்கள். பேசுவதற்கு மட்டும் பயன்படும் பட்டன் கைப்பேசியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தவர்களும் அந்தத் தாய்மார்களே.